கன்னையாவின் ரப்பர் கோமணம்

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கன்னையாவுக்கு மட்டும் மூளை கொஞ்சம் கூடுதல். ஸ்டோர் என்கிற தோட்டத்துத் தொழிற்சாலையில் ரப்பர் பாலை ஷீட்டாக உருட்டிப் புகைக்கூட்டில் காயப்போடுவது அவன் வேலை. அடைமழையில் கைப்பிள்ளை இராஜத்தின் மூத்திரத்துணி ஒன்றும் காயாமல் பெண்டாட்டி ஜெயம்மா அல்லாடுவதைப் பார்த்தான். ஒரு துணியை ரப்பர் பாலில் முக்கிக் காயவைத்துக் கொண்டுவந்து, பிள்ளைக்குக் கோமணமாகக் கட்டிவிட்டான். அதன்பிறகு பாய் நனையவே இல்லை. வரிசை வீடுகளான லயமே திரண்டுவந்து பார்த்தது. கன்னையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நனைந்ததெல்லாம் உள்ளேயே வெந்துகொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? ஒரு காலையில் ஜெயம்மா அவிழ்த்துப் பார்த்தால், பிள்ளையின் குண்டி குரங்குக் குண்டியாகச் சிவந்து, தொடையிடுக்கில் தோல் உரிந்திருந்தது. தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டது.

வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் கருப்பாயி ஆயா வாசலிலேயே மறித்தாள்.

"இந்தப் புண்ணோட இங்க விடாத தாயி. வெதுவெதுன்னு தண்ணி ஊத்திக் கழுவு. தேய்க்காம ஒத்தியெடு. தேங்காயெண்ண தடவி, அம்மணமா காத்தாடப் போடு. ஆறுனதும் கொண்டா."

பிள்ளையை விட இடமில்லாமல் அவள் எப்படி ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாள்? ஆத்திரத்தோடு வீடு திரும்பினாள்.

"ரப்பர்ல என்னாடி குத்தம்? அந்தப் புண்ணு ஒன் தாய்ப்பால் சூட்டுல வந்தது" என்றான் கன்னையா.

"அப்ப நீங்க கட்டிக்கிட்டு வேலைக்குப் போங்க. அந்தியாகுற வரைக்கும் அவுக்கக் கூடாது."

"போறேன். எனக்கென்னா பயமா?"

தன் அளவுக்கு ஒன்று செய்து, மறுநாள் வீறாப்பாகக் கட்டிக்கொண்டு போனான். புகைக்கூட்டுச் சூட்டில் வேர்வை வழிய வழிய, மத்தியானத்துக்குள் அவன் நடை மாறிவிட்டது. மூலமா என்று கங்காணி எல்லார் முன்னாலும் கேட்டார். சாயந்தரம் காலை அகட்டி அகட்டி லயத்துக்கு ஏறி வந்தவன், கதவைச் சாத்தி எல்லாவற்றையும் அவிழ்த்தெறிந்துவிட்டுப் பாயில் குப்புற விழுந்தான். பக்கத்தில் இராஜமும் அம்மணமாகத்தான் கிடந்தது.

ஜெயம்மா சிரித்த சிரிப்பில் எண்ணெய்ப் போத்தல் கைநழுவப் பார்த்தது.

"இந்த எரிச்சலோடயா புள்ள கெடந்துச்சு?" என்றான் அவன்.

"அது கத்திக்கிட்டேதான் இருந்திச்சு. நீங்க ஊருக்குக் கோமணம் காட்டிக்கிட்டு இருந்தீங்க."

கன்னையா போத்தலை வாங்கி, முதலில் பிள்ளைக்குத் தடவினான்.