இரண்டு மணி நேரக் கனடா

பாலத்தின் உச்சிக்கு வண்டி ஏறும்போதே ஆற்றுக்கு அந்தப் பக்கம் தேவாலயக் கோபுரம் தெரிந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அங்கேதான் கோலெட்டின் கல்யாணம். பெற்ற மகளைக் கைபிடித்து அழைத்துப்போய் மாப்பிள்ளையிடம் விடவேண்டியவர் நார்பர்ட். அமெரிக்காவின் மிச்சிகன் கரையில் இருக்கும் போர்ட் ஹ்யூரனிலிருந்து கனடாவின் சார்னியாவுக்குப் பாலம் ஏறி இறங்கினால் பத்து நிமிஷம். ஊரில் பாதிப் பேர் உருளைக்கிழங்கு வறுவல் தின்னக்கூட அக்கரைக்குப் போய்வருவார்கள். நார்பர்ட் மட்டும் இருபது வருஷமாகப் போகவில்லை. போனால் உள்ளே விடமாட்டார்கள்.

கொலையா, கொள்ளையா, ஒன்றும் இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டார், இரண்டு தடவை. இரண்டாம் தடவை பின்சீட்டில் ஏழு வயதுக் கோலெட் இருந்தாள். அபராதம் கட்டி, ஜெயிலில் கிடந்து, லைசென்ஸ் பறிபோய், எல்லாம் முடிந்த கதை. மிச்சிகனுக்கு முடிந்தது. கனடாவுக்கு எங்கே முடிந்தது? அந்தக் கம்ப்யூட்டருக்கு இருக்கும் ஞாபகசக்தி எந்த மாமியாருக்கும் கிடையாது. மனுஷன் திருந்திவிட்டான் என்று ஒத்துக்கொள்ளச் சொல்லி மனுப்போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது, பதிலைக் காணோம். "கவுண்டர்லயே போய்க் கேளுங்க, மூணு நாளைக்குத் தற்காலிக அனுமதி குடுத்தாலும் குடுப்பாங்க" என்று வக்கீல் சொன்னதை நம்பித்தான் கிளம்பியிருக்கிறார்கள்.

"கோட்டு கசங்குது, நேரா உக்காரு" என்றாள் டாரீன். வண்டி ஓட்டுவது அவள்தான். பெண்டாட்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்தே இந்த மனுஷனுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.

கனடாச் சாவடியில் கடவுச்சீட்டு எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிய நிமிஷமே ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டு வந்தது. உள்ளே போய் உட்காரச் சொன்னார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, ஓடாத காபி மெஷின். முக்கால் மணி நேரம் கழித்து ட்ரெம்ப்ளே என்று பெயர்ப்பட்டை குத்திய அதிகாரி கூப்பிட்டாள். கோலெட் வயதுதான் இருக்கும்.

டாரீன் ஃபைலை எடுத்து வைத்தாள். கோர்ட்டுக் காகிதங்கள், பாதிரியார் கடிதம், காகித ஆலை முதலாளி கடிதம், குடிமறந்தோர் கூட்டத்தில் நார்பர்ட்டுக்குத் துணைநின்ற ஹெர்ஷலின் கடிதம். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு: பத்தொன்பது வருஷமாக ஒரு சொட்டு தொடாத மனிதர்.

அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் படித்தாள். முகம் இளகியது.

"பொண்ணுக்குக் கல்யாணமா சார்? எத்தன மணிக்கு?"

"நாலு மணிக்கு மேடம்."

"கவலப்படாதீங்க, நேரம் இருக்கு." அனுமதிச்சீட்டு அச்சடிக்கும் காகிதத்தை எடுத்துப் பிரிண்டரில் வைத்தாள். "இதுல எழுதியிருக்கிறதெல்லாம் சரிதானே? பத்தொன்பது வருஷமா நீங்க குடிக்கல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அட, தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும். ஆனால் நார்பர்ட்டுக்குச் சட்டென்று ஓர் அலுப்பு வந்தது. பத்து நாள் முன்புதான் கூட்டத்தில் அத்தனை பேரும் கைதட்ட, பத்தொன்பது வருஷம் குடிக்காததற்கு அடையாளமாக எண் பொறித்த வில்லையை வாங்கினார். ஒரு வாய் குடித்தாலும் எண்ணிக்கை முதல் நாளுக்குப் போய்விடும், அது அங்கே எல்லாரும் ஒத்துக்கொண்ட கணக்கு. தெரிந்தே வாங்கினார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இனி ஒரு தடவைகூட அந்தப் பொய்யைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லை.

"இல்ல மேடம். பதினோரு வாரத்துக்கு முன்னால குடிச்சேன். உறைஞ்ச ஏரி ஐஸ்மேல போட்டிருக்கிற மீன் பிடிக்கிற குடிசையில. யாரோ விட்டுட்டுப் போன ரெண்டு டின் பீர். தனியாத்தான் இருந்தேன். அன்னிக்கு வண்டி எடுக்கல."

பக்கத்தில் இருந்த டாரீன் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"இந்தக் கடிதம் எழுதுனவங்களுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப இதையெல்லாம் நான் எப்படி சார் நம்புறது?" அவளுக்கே அழுகை வரும்போலிருந்தது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியைப் பார்க்கப் போனாள். அரை மணி கழித்து வந்தவள் நார்பர்ட்டின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிருங்க. அம்மா தாராளமாப் போகலாம். நீங்க திரும்பணும்."

பாலத்தில் ஆள் நடக்க அனுமதி இல்லை. டாரீன்தான் வண்டியைத் திருப்பினாள். அமெரிக்கப் பக்கச் சாவடியில் இருந்தவன் வாயில் எதையோ மென்றுகொண்டே கேட்டான்.

"கனடாவுல எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"ரெண்டு மணி நேரம். ஒரே ரூம்லதான்" என்றார் நார்பர்ட்.

பாலம் இறங்கியதும் வந்த முதல் பர்கர் கடை வாசலில் டாரீன் வண்டியை நிறுத்தினாள். ஸ்டியரிங்கை விடவில்லை.

"முன்ன பின்ன தெரியாத ஒருத்திகிட்ட சொல்லத் தெரியுது. எங்கிட்ட சொல்ல வாயில்ல?"

"அவ கேட்டா, டாரீன்."

டாரீன் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் கேக்கல. ஒருநாள்கூடக் கேக்கல. நீ சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்னு பயம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்து நீட்டினாள். "கோலெட்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

முதல் மணியிலேயே கோலெட் எடுத்தாள். பின்னால் தோழிகளின் சிரிப்பு.

"அப்பா! தாண்டிட்டீங்களா?"

"தாண்டினேன்மா. திருப்பி அனுப்பிட்டாங்க."

எல்லாவற்றையும் சொன்னார். குடிசை, இரண்டு டின், அந்தப் பெண் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் சிரிப்பெல்லாம் அடங்கியிருந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"சின்ன வயசுல எங்கிட்ட எத்தன பொய் சொல்லியிருப்பீங்க" என்றாள் கோலெட். குரல் உடைந்துவிட்டது. "எனக்காக இன்னிக்கு ஒண்ணு சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"