ஒழுக்கமான கிருமிகள்

பதினோரு வருடமாக அவள் ‘தற்காலிகம்’. ஆய்வகத்து நுண்ணோக்கி மூன்று தடவை மாறிவிட்டது. அந்தச் சொல் மட்டும் மாறவில்லை. கிருமிகளின் வாலுக்குச் சாயம் ஏற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால் எல்லோருக்கும் அவள் வால் அக்கா. இயக்குநருக்கு மட்டும் ‘ஏம்மா’.

அன்றைக்கு மானியக் குழு வருகிறது. சாக்கடையில் நீந்திப் போய் அழுக்கைத் தின்னும் கிருமியை இயக்குநர் கண்டுபிடித்திருப்பதாக அழைப்பிதழ் சொன்னது. கண்டுபிடித்தவளும் வளர்த்தவளும் வால் அக்காதான். ஆனால் அழைப்பிதழில் இடமில்லை. இயக்குநரின் பட்டங்களுக்கே இரண்டு வரி போதவில்லை.

“குழு தலையாட்டினா உன் நிரந்தர ஆர்டர்ல இன்னிக்கே கையெழுத்து. இல்லேன்னா அடுத்த மாசம் உனக்கும் வேலையில்ல, அதுங்களுக்கும் சோறில்ல” என்றிருந்தார் இயக்குநர்.

காலையிலேயே ஒரு துளி எடுத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. “இன்னிக்கு மானத்தை வாங்கிடாதீங்க, கண்ணுங்களா” என்று சொல்லிச் சோதனைக் குழாயை மூடி வைத்தாள்.

குழு வந்தது. தலைவர், ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர். தானும் கையால் வேலை செய்கிறவர்தான் என்று காட்ட, இயக்குநர் குழாயை எடுத்துக் குலுக்கும் இயந்திரத்தில் வைத்தார்.

“சார், வேணாம் சார், மெதுவா...”

“தூங்குதுங்கம்மா. எழுப்பி விடறேன்.”

முழு வேகம், இரண்டு நிமிடம். கிருமியின் வால் சிலந்தி நூலைவிட மெல்லிசு. அந்த ஆட்டத்தில் முறிந்துவிடும். மறுபடி வளர ஒரு மணி நேரமாவது வேண்டும். இதெல்லாம் இயக்குநரின் முனைவர் பட்ட ஆய்விலேயே இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தவர் அவரிடம் சொல்லவில்லை போலும்.

ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தார்கள். திரையில் ஒன்றுகூட நீந்தவில்லை. குளிரில் நிற்பவை மாதிரி இருந்த இடத்திலேயே நடுங்கின. இயக்குநருக்கு வியர்த்தது. துளி இருந்த கண்ணாடித் துண்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். துளி ஒரு பக்கமாக ஓட, வாலறுந்த கூட்டம் மொத்தமும் அதோடு மிதந்தது.

“பாருங்க! எல்லாம் ஒரே திசையில!”

“அடேயப்பா, என்ன ஒழுக்கம்!” என்றார் குழுவில் ஒருவர். “எங்க ஆபீஸ்ல ஆறு பேரை இப்படி நடத்த முடியலையே!”

தலைவர் மட்டும் கைதட்டவில்லை. வால் அக்கா பக்கம் திரும்பினார். “மெதுவான்னு பதறினியே, நீதானேம்மா வளர்த்தே? இது நீந்துதா, தண்ணி இழுத்துட்டுப் போகுதா? குழாய்ல குப்பை போறதை நாப்பது வருஷம் பார்த்தவன், அதான் கேக்கறேன்.”

இயக்குநரின் பற்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

“நீந்துது சார்” என்றாள் வால் அக்கா.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவள் கணவனுக்கு ஃபோன் செய்தாள். “என்னங்க, ஆயிடுச்சு.”

“நெசமாவா? அம்மாகிட்ட சொல்லிடட்டா?”

“சொல்லுங்க.”

விருந்து ஒன்றரை மணி நேரம் நீண்டது. சும்மா இருக்க முடியாமல் இன்னொரு துளி எடுத்துப் பார்த்தாள். வால் முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒன்று அசைந்தது; பிறகு பத்து; பிறகு திரை முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் ஒரே ஓட்டம். பதினோரு வருட உழைப்பு, ஒரு குறையும் இல்லாமல்.

நடைவழியில் தலைவரின் குரல் கேட்டது: “கையெழுத்தெல்லாம் போட்டாச்சு. இன்னொரு தடவை அதுங்களைப் பார்த்துட்டுக் கிளம்பறேன்.”

நிஜ நீச்சலை ஒருமுறை பார்த்துவிட்டால், காலையில் பார்த்தது என்ன என்று அவருக்குப் புரிந்துவிடும். வால் அக்கா பிளீச்சிங் கரைசலை எடுத்தாள். கண்ணாடித் துண்டை அதில் போட்டாள். மிச்சக் கரைசலைக் கிருமிகள் இருந்த குழாய்க்குள் ஊற்றினாள்.

தலைவர் வந்து வெறும் திரையைப் பார்த்தார். “தீர்ந்துபோச்சா?”

“ஆமா சார்.”

அவர் காற்றை முகர்ந்தார். குளோரின் நெடி தெரியாதவர் இல்லை.

“வேலை நிரந்தரமாயிடுச்சாம்மா?”

“இன்னியிலேர்ந்து சார்.”

“பழகிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.