இருளாயியின் இடக்கால்

கோப்பெங்குக்கு அப்பாலுள்ள ரப்பர்த் தோட்டமொன்றில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு மாசி மாதத்து விடியற்காலையில், பால்மரம் வெட்டும் இருளாயி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளது இடக்கால் ஈயக் குண்டாகக் கனத்தது.

சென்ற சித்திரையில் ஈப்போ வைத்தியர் தொடையிடுக்கில் கீறி, புடைத்த நரம்பை நூலால் கட்டிவிட்டார். ஆறு மாதம் கால் சொன்னபடி கேட்டது. தீபாவளி கழிந்ததும் முழங்காலுக்குக் கீழே நீல முடிச்சுகள் மறுபடியும் தலைகாட்டின. உள்ளே கட்டிய நூல் அவிழ்ந்துவிட்டதென்று இருளாயி தானாகவே முடிவுசெய்தாள். அன்றுமுதல் கணவன் சன்னாசியின் வேட்டிக் கரையைக் கிழித்து, அதே தொடையில், பாம்பு கடித்தவருக்குக் கட்டுவதுபோல் இறுக்கி, சேலைக்குள் மறைத்து வந்தாள்.

மறைக்காமல் என்ன செய்வாள்? வேலைக்கு உதவாதவர் பேரை வெட்டி, நாகப்பட்டினத்துக் கப்பலில் ஊருக்கே திருப்பி ஏற்றிவிடுவது தோட்டத்து வழக்கம். மகள் வீரம்மாவுக்கோ தலைப்பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. தாயைத் தவிர அவளுக்குத் துணையென்று ஒரு பெண்பிள்ளை இல்லை.

"என்ன இருளாயி, ஆடிக்கிட்டு நிக்கிறே? காலையிலேயே கள்ளா?" என்றார் கங்காணி ஐயாவு.

"நீங்க மிச்சம் வச்சாத்தானே கங்காணி எனக்குக் கிடைக்கும்!"

வரிசை சிரித்தது. இருளாயி குனிந்து வாளியைத் தூக்கினாள். அதன் விளிம்பு கெண்டைக்காலில் உரசிற்று. வெங்காயச் சருகாய் மெலிந்திருந்த தோல் கிழிந்து, இரத்தம் பீறிட்டது. அவள் பதறித் தொடையிலிருந்த கட்டை மேலும் இறுக்கினாள். இரத்தமோ இன்னும் வேகமாகப் பாய்ந்தது.

தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கட்டும் டிரெஸர் ஆம்புரோஸ் ஓடிவந்து, அவளைக் கிடத்தி, காலை மருந்துப் பெட்டியின்மேல் உயர்த்திக் கத்தரியை எடுத்தார்.

"வெட்டாதீங்கய்யா! அதுதான் பிடிச்சு வச்சிருக்கு! உள்ள கட்டின நூலு அவுந்திருச்சு!"

அவர் தொடைக்கட்டை வெட்டிவிட்டுக் காயத்தை அழுத்தினார். இரத்தம் அடங்கியதும் வெள்ளைத் துணியால் கட்டினார்.

"நூலு அவுழல, இருளாயி. வைத்தியர் கட்டினது பெரிய நரம்பை. ரத்தம் பக்கத்துக் கிளையில வழி புடிச்சிருச்சு. நாள் முழுக்க நிக்கிற காலு வேற. நீ மேல இறுக்கினியா, கீழ எறங்கின ரத்தம் ஏற முடியாம தேங்கி வெடிச்சிருச்சு."

"இன்னொரு தடவை அறுத்தா?"

"அறுக்கலாம். திரும்பவும் வரலாம்."

பின்னால் நின்று பார்த்திருந்த வெள்ளைக்காரத் தொரை ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். ஆம்புரோஸ் தலைகுனிந்தார்.

"பேர வெட்டச் சொல்லிட்டாரு. பதினஞ்சு நாள்ல கப்பல்."

"அதுக்குள்ள புள்ள பொறக்காதேய்யா!"

வீரம்மா வயிற்றைப் பிடித்தபடி வந்து, "எந்திரிக்காதேம்மா" என்று தோளை அழுத்தினாள். தொரையின் சப்பாத்துக் கால்கள் திரும்பி நடக்கலாயின. இருளாயி மகளின் கையை விலக்கிவிட்டுக் காலைத் தரையில் ஊன்றினாள்.

"தொரை! இதோ நிக்கிறேன், பாருங்க! நடக்கிறேன், பாருங்க!"

ஓரடி வைத்தாள். இன்னொன்று. வெள்ளைக் கட்டு சிவந்தது. மூன்றாவது அடிக்குக் கால் எழவில்லை. ஆயினும் அவள் உட்காரவில்லை.