பூவிழிக்குப் பக்கத்தில்

ரெட்டியார்பாளையத்தில் ஒரு டிசைன் கடையில் பூர்ணிமா வேலை செய்தாள். நண்பனுக்குக் கல்யாணப் பரிசாக மணமக்கள் படத்தை வார இதழின் அட்டைபோல் செய்துதரச் சொல்லி ஒருவர் வந்தார். படத்தில் இருந்த மாப்பிள்ளை இளஞ்செழியன். ஐந்து வருடம் அவளோடு பழகி, போன தையில் விலகிப் போனவன்.

"நெஜ புக்கு மாதிரியே இருக்கணும்ங்க," என்றார் வந்தவர்.

"பொண்ணு பேரு?"

"பூவிழி."

அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்தாள். பார்கோடு வைத்தாள். ஓரத்தில் மடிப்பு தெரிய நிழல் கொடுத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

"மாப்ள நெத்தியில அந்தத் தழும்பு வேணாங்க."

பூர்ணிமாவின் வண்டியிலிருந்து அவன் விழுந்தபோது ஏற்பட்ட தழும்பு அது. அழித்தாள்.

"அசலா இருக்கு. நீங்களும் கல்யாணத்துக்கு வாங்க."

"அன்னிக்கு வேல இருக்குங்க," என்று பிரிண்டை உறையிலிட்டு நீட்டினாள்.