நடந்து பார்க்காத எல்லை

ஆம்ப்ரோஸ் ஹெல்லியருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு மதிப்புரை. இங்கிலாந்தை ஒரு காலத்தில் ஆண்ட ஆங்கிலோ-சாக்சன் மன்னர்களின் நிலப் பட்டயங்களைப் படித்துச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்ற பேச்செல்லாம் பிறகு வந்ததுதான். 1951இல், முப்பத்துமூன்று வயதில், எனிட் டிரான்டர் என்ற கிராமத்துப் பள்ளி ஆசிரியை எழுதிய சிறு புத்தகத்தை அவர் நார் நாராகக் கிழித்தார். ஆயிரம் வருடங்களுக்கு முன் ஒரு மன்னன் மடத்துக்குக் கொடுத்த நிலத்தின் எல்லையைக் கண்டுபிடித்துவிட்டதாக எனிட் எழுதியிருந்தாள். பட்டயம் சொல்லும் பழைய அகழி தன் ஊர்க் குன்றின்மேல்தான் ஓடுகிறது என்பது அவள் வாதம். ‘மிஸ் டிரான்டர் கால் இடறிய பள்ளமெல்லாம் சாக்சன் அகழி ஆகிவிடுகிறது’ என்று ஹெல்லியர் எழுதினார். பல்கலைக்கழகமே படித்துச் சிரித்தது. ஒவ்வோர் அக்டோபரிலும் முதல் வகுப்பில் அதை உரக்க வாசித்து, வரலாறு எப்படி எழுதக் கூடாது என்று மாணவர்களுக்குக் காட்டுவது அவர் வழக்கமாகிப் போனது.

1976 கோடையில் மழை பொய்த்து வயலெல்லாம் காய்ந்தது. செப்டம்பரில் அவருக்குத் தபாலில் ஒரு புகைப்படம் வந்தது. வான்வழி ஆய்வு செய்பவர் ஒருவர் அந்தக் கோடையில் விமானத்திலிருந்து எடுத்து அனுப்பியது. காய்ந்து வெளுத்த பார்லிப் பயிருக்கு நடுவே பச்சையாக ஒரு கோடு குன்றின்மேல் ஏறி, வளைந்து, ஓடையில் இறங்கியது. மண்ணுக்கடியில் தூர்ந்த அகழி ஈரம் காத்தால்தான் பயிர் அப்படிப் பச்சையாக நிற்கும். எனிட் டிரான்டர் வரைபடத்தில் போட்டிருந்த அதே கோடு.

ஹெல்லியர் படத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

அக்டோபர் வந்தது. முதல் வகுப்பில், ‘ப்ரொபசர், அந்த மதிப்புரைய வாசிங்க. எங்க சீனியர்ஸ் எல்லாம் சொன்னாங்க’ என்று ஒரு பெண் கேட்டாள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் வாசித்தார். வழக்கமான இடத்தில் நிறுத்தினார்; வழக்கம்போல் சிரித்தார்கள். அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டபோது முகம் தகித்தது. அறியாமல் செய்த தப்பு வேறு. இன்று தெரிந்தே செய்திருக்கிறார்.

சனிக்கிழமை ரயிலேறி அவள் ஊருக்குப் போனார். எனிட் டிரான்டருக்கு இப்போது அறுபத்தைந்து. அவர் தன் பெயரைச் சொன்னதும் கதவிலிருந்து கையை எடுக்காமல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே விட்டாள். அவர் படத்தை மேசையில் வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“அப்ப நான் சொன்னது சரிதான்.”

“சரிதான், மிஸ் டிரான்டர். நீங்க சொன்னது எல்லாமே சரி.”

“உங்க மேல எனக்குக் கோவமே வந்ததில்ல, தெரியுமா? நீங்க சொன்னத நான் நம்பிட்டேன். இவ்வளவு பெரிய படிப்பாளி குன்று மேல ஏறி, அங்குலம் அங்குலமா பாத்துட்டுத்தானே எழுதியிருப்பாரு, நமக்குத்தான் கண்ணு சரியில்லன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு வரிகூட எழுதல.”

அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஹெல்லியருக்கு.

“நான் ஏறல” என்றார்.

“என்னது?”

“அப்ப ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். மழை. புது ஷூ போட்டிருந்தேன். அங்கயே ஒரு டீ குடிச்சிட்டு அடுத்த ரயில்ல திரும்பிட்டேன்.”

எனிட் கண்ணாடியைக் கழற்றினாள். “மழையா?” என்றாள். “இருபத்தஞ்சு வருஷம், ப்ரொபசர். மழைக்காகவா?” இப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தாள்.

தன் தவற்றை ஒப்புக்கொண்டு அவர் வரலாற்றுச் சங்க இதழுக்கு எழுதினார். “தப்புன்னு சொன்னா போதாதா? இந்த மழை, ஷூ கதையெல்லாம் எதுக்குய்யா? மானம் போகுது, எடுத்துடு” என்றார் இதழாசிரியர். அவரும் ஹெல்லியரும் ஒன்றாகப் படித்தவர்கள். ஹெல்லியர் எடுக்கவில்லை. அது அச்சில் வந்த பிறகு பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் அவர் உட்காரும் மேசையில் பேச்சு சட்டென்று நின்றுபோவது வழக்கமாயிற்று. ஒரு பதிப்பகத்தாரிடம் பேசி எனிட்டின் புத்தகம் மறுபடி வரவும் ஏற்பாடு செய்தார். முன்னுரை எழுதித் தருவதாக அவளுக்குக் கடிதம் போட்டார். ‘புத்தகம் வரட்டும். உங்கள் முன்னுரை வேண்டாம்’ என்று பதில் வந்தது.

வசந்தத்தில் மாணவர்களுக்கு அந்த எல்லையை நடந்து காட்ட முடியுமா என்று கேட்டு இன்னொரு கடிதம் எழுதினார். சம்மதித்தாள். அடியில் ஒரு வரி: ‘மாணவர்களை மட்டும் அனுப்புங்கள்.’

அனுப்பினார். மாலையில் முழங்கால்வரை சேறுடன் திரும்பிவந்து, ஆளுக்கொரு பக்கமாகப் பேசினார்கள். ஹெல்லியர் வரைபடத்தை விரித்து, அகழி எங்கே திரும்புகிறது என்று கேட்டார். அக்டோபரில் மதிப்புரையை வாசிக்கச் சொன்ன பெண் விரல் வைத்துக் காட்டினாள். “நீங்க பாத்ததில்லையா, ப்ரொபசர்?” என்றாள்.

“இல்லம்மா” என்றார். அந்தக் குன்றின்மேல் அவர் கடைசிவரை கால் வைக்கவில்லை.