பொடி இல்லாமல் ஓடியவள்

பாலத்து ஏற்றத்தில் பாதிகூட ஏறியிருக்கமாட்டாள், கால்கள் நின்றுவிட்டன. வலி இல்லை, சுளுக்கு இல்லை. தொடைக்குள் யாரோ ஈர மணலை அள்ளிக் கொட்டியதுபோல் இருந்தது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். போன மாதம்வரை அவள் முதுகைப் பார்த்தே ஓடிவந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள்.

"என்னக்கா, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று ஒருத்தி கேட்டுவிட்டு நிற்காமல் போனாள். பள்ளி வேன் ஓட்டுகிறவளிடம் எல்லோரும் செய்கிற கேலிதான். நாள் முழுக்க வண்டி ஓட்டுவது போதாதென்று விடிந்தால் தானும் ஓடுகிறாள் என்று அவள் கணவனே சொல்வான். அவளும் கூடச் சிரிப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை.

வீட்டில் காரணம் தயாராக இருந்தது. "வயசாகுதில்ல?" என்றான் கணவன். அவனுடைய அக்கா, அவளுக்கு அண்ணி, அதை ஒப்புக்கொள்ளவில்லை. "வயசாவது ஒண்ணாவது. சத்துப் பத்தல" என்று ஆரஞ்சு நிறப் பொடி டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். மெக்னீசியம், துத்தநாகம், கால்சியம் என்று டப்பா முழுக்க எழுதியிருந்தது. அண்ணி விற்கிற பொடி. கணவனை இழந்தபின் வீட்டோடு முடங்கிக் கிடந்தவள், இதை விற்க ஆரம்பித்த பிறகுதான் தலை வாரி, கைப்பையை மாட்டிக்கொண்டு, நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேசுகிறாள். இவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தவள் அவள்தான். வேண்டாம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கலக்கிக் கலக்கிக் குடித்தாள். வயிறு கடமுடவென்றது. பாலத்து ஏற்றம் ஏறமுடியாத மேடாகவே இருந்தது.

பிறகு ஒரு நாள், சிக்னலில் வேனை நிறுத்தியிருந்தபோது கண்கள் தாமாக மூடிக்கொண்டன. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்ததும் விழித்தாள். வேனுக்குள் பிள்ளைகள் ஏதோ பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே டாக்டரிடம் போனாள்.

அதுவரை யாரும் கேட்காததை அந்த அம்மாள் முதலில் கேட்டார். "பீரியட்ஸ் எப்படி இருக்கு?"

வந்தால் நிற்காமல் போகிறது என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் நிதானமாக விளக்கினார். "ரத்தம் ஓரளவுக்கு இருக்கும்மா. ஆனா உடம்பு சேத்து வச்சிருக்கிற இரும்பு சுத்தமா காலி. அது இல்லாம எப்படி மேடு ஏறுவீங்க?" ரத்தப்போக்குக்கு வைத்தியம் தொடங்கினார், இரும்பு மாத்திரை எழுதினார். டீயோடு போடக்கூடாது. மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். பொடி டப்பாவைக் காட்டியதும் தலையசைத்தார். "இதுல கால்சியம் இருக்கு. இரும்ப உள்ள சேர விடாது. இத நிறுத்துங்க."

நிறுத்தினாள். அண்ணியிடம் மட்டும் சொல்லவில்லை.

மாத்திரை ஒன்றும் மந்திரம் போடவில்லை. வாயில் ஆணியைச் சப்பியதுபோல் ருசி, மலச்சிக்கல், எரிச்சல். வாரங்கள் போயின. ஒரு விடியலில் பாலத்தின் உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான், நடுவில் எங்கேயும் நிற்காமல் ஏறிவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது. மழைக்காலம் முடிந்து நடந்த அரை மாரத்தானில், நாற்பதைத் தாண்டிய பெண்களில் அவள் இரண்டாவதாக வந்தாள். பதக்கத்தோடு நின்ற படத்தை அண்ணி ஊர் முழுக்க அனுப்பினாள்: எங்கள் பொடியின் வெற்றி.

அடுத்த வாரம் பொடிக் கம்பெனியின் கூட்டம். "நீ மேடையேறி ரெண்டு வார்த்தை பேசு, போதும்" என்றாள் அண்ணி.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். "அண்ணி, நான் அந்தப் பொடியக் குடிக்கிறதில்ல. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க."

அண்ணி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும்."

கூட்டத்தில் ஆண்களும் பெண்களுமாக மண்டபம் நிறைந்திருந்தது. கம்பெனி மேலாளர் அவளை மேடையேற்றி, கையில் டப்பாவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். அவள் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு மைக்கை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு மாசாமாசம் ரத்தம் நிறையப் போச்சு" என்று ஆரம்பித்தாள்.

முன்வரிசையில் ஒருவர் இருமினார். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேலாளர் சிரித்தபடியே மைக்குக்குக் கை நீட்டினார்.

"இருங்க சார், இன்னும் முடிக்கல." மைக்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "இரும்பு இல்லாமதான் என் கால் நின்னுச்சு. இந்தப் பொடி அதுக்கு ஒண்ணும் பண்ணல. என்னைப் பாத்து நீங்களும் இரும்பு மாத்திரை வாங்கி முழுங்காதீங்க, இல்லாதவங்களுக்குத்தான் அது. மொதல்ல ரத்தத்த டெஸ்ட் பண்ணுங்க. ஓடினது மாத்திரையும் இல்ல, பொடியும் இல்ல. நான்."

யாரும் கை தட்டவில்லை. கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள்.

வாசலில் அண்ணி அவளை மறித்தாள். கண்கள் சிவந்திருந்தன. "எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டியே."

"நீங்க எனக்குச் செஞ்சதுக்கு எங்க வேணும்னாலும் வந்து நின்னு பேசுவேன், அண்ணி. பொய் மட்டும் கேக்காதீங்க."

கணவன் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் விழித்தான். "ஏறு. வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல பேச என்ன இருக்கு? நீங்க அண்ணியக் கூட்டிட்டு வாங்க."

புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நல்ல வெயிலில், கடைத்தெருவில் ஓடத் தொடங்கினாள். தார் பாதத்தைச் சுட்டது. தையல் கடையில் அளவு எடுத்துக்கொண்டிருந்தவர் டேப்போடு திரும்பினார். பேருந்துக்கு நின்றவர்கள் வழி விட்டார்கள். மூச்சு மார்பு நிறைய வந்து போனது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து கார் அவளுக்குப் பக்கவாட்டில் வந்து சேர்ந்தது. பின்சீட்டுக் கண்ணாடி மெல்லக் கீழே இறங்கியது. அண்ணி தலையை வெளியே நீட்டினாள். ஓடுகிறவளின் வெறும் பாதங்கள் மாறி மாறித் தரையைத் தொடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் நெரிசல் விலகி, கார் வேகம் எடுத்தது. அவளும் எடுத்தாள்.