சூல் பயிர்

வாயும் கையும் ஒன்றாக வேலை செய்கிற ஆள் ராசப்பன். நாமகிரிப்பேட்டை ஏரிக்குக் கீழே அவனுக்குச் சின்னத் துண்டு வயல். இரண்டு நெல் போகத்துக்கு நடுவே சும்மா கிடந்த மண்ணில், சைக்கிளில் வந்த விவசாய மேஸ்திரியின் பேச்சைக் கேட்டுச் சணப்பை விதைத்திருந்தான். பூவெடுத்ததும் தண்ணீர் கட்டி, பயிரை மடக்கி உழுதுவிட வேண்டும். மண்ணுக்குள் அழுகினால் அதுதான் எரு. நாள் தள்ளினால் தண்டு நாராகிவிடும்.

அங்கங்கே மஞ்சள் பூ தலைகாட்டியது. அவன் மனைவி ஆத்தாயிக்கு அப்போது ஏழாம் மாதம். முன்னே உண்டான இரண்டும் ஏழாம் மாதத்தில்தான் போயின. பக்கத்து வயல் மாரக்காள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நரம்பில்லாத நாக்கு, இருக்குமா?

"ஏனாத்தா, பூவுட்டது சூல் பயிரல்லோ? சூலியோட புருசன் அதைய மடக்கி உழுவலாமா? ஊட்டுக்கு ஆகாதாத்தா."

ஆத்தாயி சாயங்காலம் புருஷனிடம் கெஞ்சினாள். "உழுவாதீங் மாமா. எனக்குப் பயமா இருக்குதுங்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி," என்று ராசப்பன் சிரித்தான். "பூவே இல்லாத பயிரா உழுவச் சொல்றியா புள்ள? நாளைக்கு ஏர் பூட்டியே ஆவோணும்."

விளையாட்டாகச் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். பூ இருந்தால்தானே சூல்?

மறுநாள் அவன் மாடுகளை ஓட்டி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வயலில் பச்சை மட்டும் நின்றது. வரப்பில் மஞ்சளாய் ஒரு குவியல். பக்கத்தில் ஆத்தாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடியலிலிருந்து எட்டி எட்டி ஒவ்வொரு பூவாகக் கிள்ளியிருக்கிறாள். முகம் வெளுத்து வியர்த்திருந்தது.

"வலிக்குதுங் மாமா. உட்டு உட்டு வலிக்குது."

ராசப்பன் மாடோட்டும் தார்க்குச்சியைப் போட்டுவிட்டு அவளருகே குந்தினான். முன்னே இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது.

"அசையாம இரு சாமி. மருத்துவச்சியக் கூட்டிட்டு வாரேன்."

அவள் வயலின் மூலையைக் காட்டினாள். "அங்க ஒரு பூவு நிக்குதுங். என்னால எந்திரிக்க முடியல."

பேயுமில்லை பிசாசுமில்லை என்று ஊருக்கே சொன்னவன் அவன். மருத்துவச்சி வீடு தொலைவு, ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது என்பதும் தெரியும். தெரிந்தும் முதலில் வயலுக்குள் இறங்கி, அந்த மூலையைப் பார்த்து ஓடினான்.